வெளிநாட்டு மிஷனரிப் பயணத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்?

கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான். சபையிலிருந்து எட்டுப் பேர் குழுவாக ஐந்து வாரம் வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகிறார்கள். அவர் கணக்கு வேலை பார்ப்பவர். பிரசங்கம் செய்ததில்லை, பாட வராது, நாலு பேர் கூடிவிட்டால் பேச்சு எழாது. அங்கே காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கிறவரை என்னதான் செய்வார்கள் என்று தெரிந்தால் மனதைத் தயார்படுத்திக்கொள்ளலாம் என்கிறார். கேட்டிருப்பது அட்டவணை. ஆனால் அதற்கு அடியில் வேறொரு கேள்வி இருக்கிறதென்று நினைக்கிறேன்: மேடையில் நிற்கத் தெரியாத என்னால் அங்கே யாருக்காவது பிரயோஜனம் உண்டா, இல்லை இடைஞ்சலாகத்தான் இருப்பேனா? இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வருஷம் வெளிநாட்டில் ஒரு உள்ளூர்ச் சபையோடு இருந்து, வந்துபோகும் குழுக்களுக்குத் தங்க இடம், வண்டி, மொழிபெயர்ப்பாளர், கூட்டம் எல்லாம் ஏற்பாடு செய்துகொடுத்தவள் நான். இப்போது புறப்படும் குழுக்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். அதனால் போகிறவர்களைவிட வரவேற்கிறவர்களின் பாடுதான் எனக்கு நன்றாகத் தெரியும். சில வாரம், சில மாதம் சபைகளின் விருந்தாளியாகப் போகும் குழுக்களைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். குடும்பத்தோடு போய் வருஷக்கணக்கில் தங்கும் மிஷனரிகளின் வாழ்க்கை வேறு, மருத்துவக் குழுக்களின் நாள் வேறு. அவற்றுக்குள் நான் போகவில்லை.

அட்டவணையைப் பொறுத்தவரை நாடு மாறினாலும் கட்டமைப்பு பெரிதாக மாறுவதில்லை. விடிவதற்குள் எழுந்துவிடுவீர்கள், வீட்டுக்காரர்கள் அதற்கு முன்பே எழுந்திருப்பார்கள். குளியலறைக்கு வரிசை. கொஞ்ச நேரம் தனி ஜெபம், அப்புறம் குழுவாகத் தியானம். சாப்பிட்டதும் அன்றைய வேலை: சிறுவர் கூடுகையோ, பள்ளிக் கட்டடத்துக்கு வண்ணம் பூசுவதோ, உதவிப் பொருள்களைப் பிரித்து அடுக்குவதோ. நடுப்பகலில் ஓய்வு. பிற்பகலில் வீடு சந்திப்பு. பொழுது சாய்ந்ததும் கூட்டம். இரவு குழு மட்டும் உட்கார்ந்து நடந்ததைப் பேசி, மறுநாளுக்கு வேலை பிரித்து, ஜெபித்துப் படுக்க வேண்டியது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு விடச் சொல்லி நான் எப்போதும் வற்புறுத்துவேன். விடாத குழு மூன்றாம் வாரத்தில் ஒன்றுக்கும் உதவாது.

இந்த அட்டவணையில் எழுதப்படாத ஒரு வேலை இருக்கிறது. காத்திருப்பது. எட்டு மணிக்கு வரவேண்டிய வண்டி பதினொன்றுக்கு வரும். கூட்டத்துக்கு ஆள் சேர்ந்த பிறகுதான் கூட்டம் தொடங்கும். கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்காது. சாலை மூடியிருக்கும், மின்சாரம் போயிருக்கும், ஊரில் ஒரு சாவு விழுந்து போதகர் அங்கே போயிருப்பார். ஒரு குழுத் தலைவர் மூன்று மணி நேரம் வாசலுக்கும் சாலைக்குமாக நடந்து, கைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று மணி நேரமும் அவர் குழுவிலேயே ஒரு பெண் திண்ணையில் உட்கார்ந்து அந்த வீட்டுச் சிறுமியிடம் எண்கள் கற்றுக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று இவள் தப்பாகச் சொல்லச் சொல்ல அந்தக் குழந்தைக்குச் சிரிப்புத் தாளவில்லை. வண்டி வந்தபோது இருபதுவரை வந்திருந்தாள். அடுத்த நாள் சிறுவர் கூடுகையில் எண்ணி எண்ணி அணி பிரித்தது அவள்தான், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பயணத்தில் பாதி வேலை முடிந்த மாதிரி என்று நான் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

மேடை பயத்துக்கு வருகிறேன். எட்டுப் பேர் குழுவில் ஒலிவாங்கி இரண்டு பேர் கைக்கு, மிஞ்சினால் மூன்று பேர் கைக்குத்தான் போகும். சாட்சி சொல்லச் சொல்லி எல்லாரையும் ஒருமுறையாவது எழுப்பிவிடுவார்கள், அது நிச்சயம். அதற்கு ஐந்து நிமிஷம் போதும். மொழிபெயர்ப்போடு பத்து நிமிஷம். உங்கள் பெயர், வீட்டில் யார் யார், என்ன வேலை, விசுவாசத்துக்கு எப்படி வந்தீர்கள், ஒரு நன்றி. எழுதி வைத்துப் படித்தாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. நன்றாகப் பேசத் தெரிந்தவர்களைவிடத் தயங்கித் தயங்கிப் பேசுகிறவர்களை அந்த ஊர்ப் பெண்கள் உன்னிப்பாகக் கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது ஏன் என்று கேட்டால் என்னிடம் ஊகம்தான் இருக்கிறது: அவர்களில் பலரும் மேடையேறாதவர்கள்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நாளின் பெரும்பகுதி அவர் வழியாகத்தான் நடக்கும். இருபது நிமிஷச் செய்தி அவர் வாயில் நாற்பது நிமிஷமாகும். அதைக் கணக்கில் வைத்துத்தான் தயாரிக்க வேண்டும். ஒரு கருத்து முடிகிற அளவுக்கு ஒரு வாக்கியம், பிறகு நிறுத்தம். பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் அவர் எதை வைத்து முடிப்பார்? எதுகை மோனையில் தலைப்புப் போடும் பழக்கம் இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள், கடல் தாண்டாது. வாசிக்கப்போகும் வசனங்களின் இருப்பிடத்தை முன்கூட்டியே ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால் தன் வேதாகமத்தில் எடுத்து வைத்துக்கொள்வார். பேசும்போது கேட்கிற ஆளின் முகத்தைப் பாருங்கள், மொழிபெயர்ப்பாளரின் முகத்தை அல்ல. இதெல்லாம் எல்லாப் பயிற்சியிலும் சொல்லித் தருவார்கள். சொல்லித் தராதது ஒன்று இருக்கிறது: அவருக்கும் தொண்டை கட்டும். மாலைக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் நின்று பேசியவர், கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவர் ஜெப விண்ணப்பத்தையும் குழுவினருக்குச் சொல்வார், பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் அரட்டையை மொழிபெயர்ப்பார். அவர் தட்டு அப்படியே ஆறிக்கொண்டிருக்கும். எட்டுப் பேரில் ஒருவர், 'இப்போது அவர் சாப்பிடட்டும், நாம் பேசாமல் இருப்போம்' என்று சொன்னால் அந்த வீடே அதைக் கவனிக்கும். பேச்சு வராத உங்களுக்கு இது எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள்.

வீடு சந்திப்பும் உங்களுக்கு ஒத்துவரும். நான்கு பேருக்கு மேல் ஒரு வீட்டுக்குள் போகக் கூடாது என்று நாங்கள் வரையறை வைத்திருந்தோம். எட்டுப் பேர் நுழைந்தால் வீட்டுக்காரர் நிற்க வேண்டியதாகிவிடும். போய் உட்கார்ந்து, குடும்பத்தை விசாரித்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, அனுமதி கேட்டு ஜெபித்து எழுந்து வருவது. நோய், கடன், ஓடிப்போன பிள்ளை, இப்படித்தான் பெரும்பாலும். கேட்ட உடனே தீர்வு சொல்லத் துடிக்கிறவர்கள்தான் அங்கே சிரமம் தருவார்கள். அந்த வீட்டுக் கதை அந்த ஊர்ப் போதகருக்குப் பத்து வருஷமாகத் தெரியும். நீங்கள் போன பிறகும் அங்கே போய் உட்காரப்போவது அவர்தான். வாக்குறுதி எதுவும் கொடுத்துவிட்டு வராதீர்கள். 'உங்கள் பிள்ளையின் படிப்புக்கு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று உணர்ச்சிவசப்பட்டு யாரோ ஒருவர் சொன்னதை, அவர் மறந்த பிறகும் அந்தத் தாய் வருஷக்கணக்கில் போதகரிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்.

இனி விருந்தாளியாக இருப்பது பற்றி. லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் இயேசு எழுபது பேரை இருவர் இருவராக அனுப்பும்போது கொடுத்த கட்டளைகளைப் பார்த்தால், பிரசங்கக் குறிப்பைவிடத் தங்கும் வீட்டைப் பற்றித்தான் அதிகம் இருக்கிறது: கொடுப்பதைச் சாப்பிடுங்கள், வீடு மாறி மாறிப் போகாதீர்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய பயிற்சிக் கையேடு கிடையாது. உங்களுக்குக் கொடுத்த அறையில் நேற்றுவரை யாரோ படுத்திருந்தார்கள். குளிக்க வைத்திருக்கும் தண்ணீரை யாரோ சுமந்து வந்திருக்கலாம். ஒரு வாளித் தண்ணீரில் தலையோடு குளித்து முடிக்கப் புறப்படுவதற்கு முன்பே வீட்டில் பழகிக்கொள்ளுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துணியை அன்றன்று அலசிக் காயப்போட்டால் நான்கைந்து உடுப்பில் ஐந்து வாரத்தை ஓட்டிவிடலாம். உள்ளாடைகளை எங்கே உலர்த்துவது என்று வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். ஊருக்கு ஊர் அதில் கண்டிப்பு உண்டு. மாதவிலக்குக்கான பொருள்களை முழுப் பயணத்துக்கும் கையோடு எடுத்துப் போங்கள், பயன்படுத்தியதை எங்கே போடுவது என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஆண்கள் நடத்தும் பயிற்சி வகுப்புகளில் இது விட்டுப்போகும், அங்கே போய்த் தடுமாறுவது நம் பெண்கள்தான். உடை எப்படி இருக்க வேண்டும் என்பதை இணையத்தில் தேடாமல் வரவேற்கும் சபையின் போதகர் மனைவியிடம் கேட்டுவிடுங்கள்.

சமையலறைக்குள் போகலாமா என்று பலர் கேட்பார்கள். முதல் நாள் உட்காரத்தான் சொல்வார்கள், அடம் பிடிக்க வேண்டாம். இரண்டாம் நாள் வாசலில் போய் நில்லுங்கள். மூன்றாம் நாள் கையில் கத்தியைக் கொடுத்துக் காய் நறுக்கச் சொன்னால் நீங்கள் அந்த வீட்டுக்குள் வந்துவிட்டீர்கள் என்று பொருள். பெரியவர்களுக்கான கூட்டத்தில் கிடைக்காத செய்தியெல்லாம் அங்கே கிடைக்கும்.

உடம்பு. நான் மருத்துவம் படித்தவளில்லை; பொதுவாக எங்கும் ஏற்கப்பட்டிருப்பதை மட்டும் சொல்கிறேன், உங்களுக்கு எது தேவை என்பதைப் பயண மருத்துவரிடம் புறப்படுவதற்கு ஒன்றரை மாதம் முன்பாவது கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு என்றால் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் எல்லையிலேயே நிறுத்திவிடலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும்; 2016 ஜூலையிலிருந்து அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் செல்லும். மலேரியா மாத்திரையில் எல்லாரும் செய்யும் தவறு, திரும்பிய மறுநாளே நிறுத்திவிடுவது. டாக்சிசைக்ளின் என்றால் மலேரியாப் பகுதியை விட்டு வந்த பிறகும் 4 வாரம் சாப்பிட வேண்டும். குடிநீரை ஒரு நிமிஷம் நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடமென்றால் 3 நிமிஷம். வயிற்றுப்போக்கு யாருக்காவது வரத்தான் செய்யும். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் 1 லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. நாய் கடித்தாலோ பிராண்டினாலோ 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், கூட்டம் இருக்கிறது, நாளை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. விசுவாசம் இருப்பவர்கள் மாத்திரை சாப்பிடலாமா என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் கேட்கிறார். நீங்கள் படுத்துவிட்டால் உங்களைக் கவனிக்கப்போவது அந்த ஊர்ச் சபையின் பெண்கள். அவர்களை நினைத்தாவது சாப்பிடுங்கள் என்பதே என் பதில்.

இரண்டாம் வாரம் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரு சரிவு வரும். முதல் வாரம் எல்லாம் அழகாக இருக்கும். பிறகு திடீரென்று எதைப் பார்த்தாலும் எரிச்சல். மானிடவியலாளர் கலர்வோ ஓபர்க் 1954-இல் ரியோ டி ஜெனீரோவில் பேசிய ஒரு உரை, 1960-இல் மிஷனரிகள் அதிகம் படித்த பிராக்டிகல் ஆந்த்ரபாலஜி என்ற இதழில் வெளிவந்தது. பண்பாட்டு அதிர்ச்சிக்கு அவர் சொன்ன அறிகுறிகளை இன்றைக்கும் அப்படியே பார்க்கலாம்: அடிக்கடி கை கழுவுவது, தண்ணீரையும் சாப்பாட்டையும் பற்றி அளவுக்கு மீறிய கவலை, எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்ற சந்தேகம், சின்னத் தாமதத்துக்கும் கோபம், எங்கோ வெறித்துப் பார்ப்பது, வீட்டு ஏக்கம். இதை ஆவிக்குரிய வீழ்ச்சி என்று நினைத்து அழுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஜெபிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே நன்றாகத் தூங்குங்கள், கொஞ்சம் நடங்கள், குழுத் தலைவரிடம் சொல்லுங்கள். இது எல்லாருக்கும் எந்த நாளில் வரும், எத்தனை நாளில் போகும் என்று கணக்குப் போட முடியாது. சிலருக்கு வருவதே இல்லை. பேச்சு குறைந்தவர்கள் இதை உள்ளே வைத்துக்கொள்வார்கள் என்பதால்தான் உங்களிடம் குறிப்பாகச் சொல்கிறேன்.

வெளியாட்களோடு மோதல் வந்ததைவிடக் குழுவுக்குள் மோதல் வந்ததுதான் அதிகம். காரணங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். குறட்டை, குளியலறையில் எடுக்கும் நேரம், யார் எப்போதும் முன் இருக்கையில் உட்காருவது, யாருடைய படத்துக்குச் சபையின் வாட்ஸப் குழுவில் அதிகப் பாராட்டு வந்தது. நான் பார்த்த ஒரு குழுவில் பயணம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மொழி புரியாத வீட்டுக்காரப் பாட்டிதான் முதலில் கண்டுபிடித்தார். இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் பழம் வைத்து அனுப்பினார். இரவு கூடிப் பேசும் நேரத்தைத் தவறவிடாதீர்கள் என்று சொல்வது இதற்குத்தான். அங்கே ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் மற்றவரைக் குத்திக்காட்டாமல், 'இன்று இது எனக்கு வருத்தமாக இருந்தது' என்று நேராகச் சொன்னால் பத்து நிமிஷத்தில் முடியும்.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் உங்கள் குழுவில் அடுத்த ஐந்து வாரத்துக்கு மிக அவசியமான ஆள் நீங்கள்தான். குழுப் பணத்தை ஒருவர் கையில், ஒரு சின்ன நோட்டில் வைத்திருக்கிற குழுவுக்கும், ஆளாளுக்குச் செலவு செய்துவிட்டுக் கடைசி நாள் கணக்குப் பார்க்கிற குழுவுக்கும் வித்தியாசத்தை நான் வரவேற்கும் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். அந்நாட்டுப் பணத்தில் ஒரு பத்தி, அன்றைய மாற்று விகிதத்தோடு நம் பணத்தில் ஒரு பத்தி. ரசீது தராத இடத்தில் தேதியும் தொகையும் எழுதி வண்டிக்காரரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இரவும் ஐந்து நிமிஷம் ஒதுக்கிக் கையிருப்பை எண்ணிச் சரிபாருங்கள். எல்லாப் பணத்தையும் ஒரே பையில் வைக்காதீர்கள். எவ்வளவு ரொக்கத்துக்கு மேல் கொண்டுபோனால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும் என்பதை இரண்டு நாட்டுக்கும் பார்த்து வையுங்கள். தங்கும் செலவு, தண்ணீர், மின்சாரம், வண்டி, மொழிபெயர்ப்பாளருக்கான படி, சமைப்பவர்களுக்கான கூலி எல்லாம் எவ்வளவு என்று போதகரிடம் வெளிப்படையாகக் கேட்டு முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். அவர்களாக வாய் திறந்து கேட்க மாட்டார்கள். குழு போன பிறகு மூன்று மாதம் கடன் அடைத்த சபைகள் உண்டு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நீங்கள் கணக்குத் தெரிந்தவர் என்பதால் அந்தச் சபையின் கணக்குப் புத்தகத்தைத் திருத்தித் தரும் ஆசை வரலாம். அவர்களாக அழைத்தால் ஒழியத் தொடாதீர்கள். அழைத்தாலும் அவர்களுடைய பொருளாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதேபோல் தனிப்பட்ட முறையில் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம் என்று குழுவில் பேசி முடிவெடுங்கள். கல் நெஞ்சமாகத் தெரியும். ஆனால் ஒரு வீட்டுக்குக் கொடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்காமல் வந்தால், அந்தச் சண்டையைத் தீர்க்க நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். கொடுப்பதைச் சபையின் குழுவிடம் கொடுங்கள். யாருக்கு என்ன தேவை என்று அவர்களுக்குத் தெரியும்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. சுற்றுலா விசாவில் போய் மத ஊழியம் செய்வது பல நாடுகளில் விசா விதிமீறல். மதமாற்றம் குற்றமாக இருக்கும் நாடுகளும் உண்டு. நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தொகுப்பின்படி 5 வருஷம்வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்து 7 நாளுக்குள் நாட்டைவிட்டு அனுப்ப வேண்டும். நமக்கு என்ன ஆகும் என்பதைவிட, நாம் விமானம் ஏறிய பிறகு நம்மை வரவேற்ற குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதைத்தான் நான் யோசிக்கச் சொல்வேன். எதைச் சொல்லலாம், எங்கே சொல்லலாம், கைப்பிரதி கொடுக்கலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது உள்ளூர்ச் சபை. உங்கள் குழுத் தலைவர் அல்ல.

படம் எடுப்பதும் இதோடு சேர்ந்தது. பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதமில்லாமல் எடுக்காதீர்கள், பெயரும் ஊரும் தெரியும்படி இணையத்தில் போடவே போடாதீர்கள். குழந்தைகள் இல்லம் அட்டவணையில் இருந்தால் கேள்வி கேளுங்கள். அங்கே இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பார் என்பது பல நாடுகளில் தெரியவந்த விஷயம். வருகிற தன்னார்வலர்களுக்காகவும் அவர்கள் தரும் காணிக்கைக்காகவுமே பிள்ளைகளைப் பிரித்து இல்லத்தில் வைப்பதைக் குறித்து 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே கவலை தெரிவித்தது. வாரம் ஒரு புதிய அண்ணன், புதிய அக்கா வந்து மடியில் தூக்கிவைத்து, அழ அழ விட்டுவிட்டுப் போவது அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதில்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இவ்வளவு பாடுபட்டுப் போவதால் பலன் உண்டா? இங்கேதான் நான் உறுதியாகப் பேசத் தயங்குகிறேன். 1998-இல் மிட்ச் புயல் மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸைப் புரட்டிப்போட்ட பிறகு, வட அமெரிக்காவிலிருந்து சபைக் குழுக்கள் போய் வீடு கட்டிக் கொடுத்தன. உள்ளூர் ஆட்களைக் கொண்டும் வீடுகள் கட்டப்பட்டன. சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் இரண்டு வகை வீடுகளிலும் குடியேறியவர்களைச் சந்தித்து ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார். வீடு யார் கட்டியது என்பதால் குடும்பங்களின் வாழ்வில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. குழுக்களின் பயணச் செலவு ஒரு வீட்டின் செலவைப்போல் பல மடங்கு. போய்வந்தவர்கள் தங்களிடம் வந்ததாகச் சொன்ன மாற்றத்துக்கும் காணிக்கைக் கணக்கில் தெரிந்ததுக்கும் இடைவெளி இருந்தது. அது ஒரு நாட்டில், ஒரு பேரிடருக்குப் பிறகு நடந்த ஆய்வு. எல்லாப் பயணத்துக்கும் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கொத்தனார் வேலை தெரியாத எட்டுப் பேர் செங்கல் அடுக்கும்போது, வேலையில்லாத உள்ளூர்க் கொத்தனார் கைகட்டி நின்று பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன். கட்டட வேலை என்றால் கூலிக்கு அவர்களை அமர்த்தி, நீங்கள் சித்தாளாக மண் சுமங்கள் என்பேன்.

ஆத்தும ஆதாயம் எத்தனை, அதாவது எத்தனை பேர் விசுவாசத்துக்கு வந்தார்கள் என்று திரும்பி வந்ததும் சபையில் கேட்பார்கள். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-இல் பர்மாவின் ரங்கூனில் இறங்கினார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819-இல். ஆறு வருஷம் மொழி கற்று, அங்கேயே வாழ்ந்த மனிதருக்கு அது. ஐந்து வாரத்தில் விசுவாசத்தை ஏற்பதாகக் கூட்டத்தில் கை உயர்த்தியவர்களை எண்ணிக்கொண்டு வந்து அறிக்கை வாசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விருந்தாளியை மதித்துக் கை உயர்த்துகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தச் சபைக்காரர்கள் சோர்ந்திருந்த நேரத்தில் யாரோ தங்களைத் தேடி வந்தார்கள் என்ற தெம்பு, அது உண்மையாகவே கிடைக்கிறது. அளந்து காட்ட வழியில்லை.

வீட்டுக்குப் பேசுவதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாரத்தில் இரண்டு முறை, நேரம் குறித்துப் பேசுங்கள். தினமும் மணிக்கணக்கில் பேசினால் உடம்பு அங்கேயும் மனசு இங்கேயுமாக இருக்கும். திரும்பி வந்த பிறகு வரும் சோர்வுக்கும் இடம் விட்டு வையுங்கள். ஊர் திரும்பும்போதும் அதே மாதிரி ஒரு சரிவு உண்டென்று ஆராய்ச்சியாளர்களான கல்லஹோர்ன் தம்பதியர் 1963-லேயே எழுதியிருக்கிறார்கள். வந்த மறுநாளே அலுவலகத்துக்குப் போகாமல் இரண்டு மூன்று நாள் விடுப்பு மிச்சம் வைத்துக்கொண்டால் நல்லது.

புறப்படுவதற்கு முன் உங்கள் குழுத் தலைவரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தின் வேலைகளை முடிவு செய்தது யார், நம் சபையா அந்தச் சபையா? யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் எந்த மருத்துவமனை, யார் கூடப் போவது, காப்பீடு எதுவரை? அங்கே நமக்காக வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் என்ன கொடுக்கப்போகிறோம்? முதல் கேள்விக்கு 'நம் சபைதான்' என்று பதில் வந்தால், பயணச்சீட்டு போடுவதற்கு முன் அந்த ஊர்ப் போதகரிடம் ஒருமுறை பேசச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு அது ஒரு சாயங்கால வேலை.